பின்பாதி வாசிக்காத சேனாதிபதி

ஒரு கதையில் நட்பு எந்தப் பக்கத்தில் காதலாக மாறுகிறது என்று விரல் வைத்துச் சொல்லக்கூடிய மனிதர் யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் சேனாதிபதி. ஆனால் கதை அச்சடித்ததாக இருக்க வேண்டும். அச்சடிக்காத கதை ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றால் அவருக்குத் தெரியாது. அப்படி நின்றது நான். ஆகவே இதை வாசிக்கும்போது இடைக்கிடை பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாவகச்சேரியில் கண்டி வீதியோரம் இருந்த ஒரு மருந்துக்கடையில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். அவர் மருந்தாளர். டொக்டர்மார் எழுதிய துண்டைப் பார்த்து மருந்தை எடுத்து வைப்பார். நான் அதைப் பையில் போட்டு, எதை எப்போது குடிப்பது என்று சொல்லிக் கொடுப்பேன். முதலாளி பின்னால் ஒரு கண்ணாடி அறைக்குள் இருந்து வியாபாரத்தைக் கவனிப்பார். அதாவது நித்திரை கொள்வார்.

அவருடைய சொந்தப் பெயர் சம்பளத் துண்டில் மட்டும் இருந்தது. ஊருக்கு அவர் சேனாதிபதி. சரித்திர நாவல்களை வாசித்து வாசித்து அந்தப் பாஷை நாக்கில் ஏறிவிட்டது. கொஞ்சம் பதற்றப்பட்டால் போதும், அரசவைத் தமிழ் வந்துவிடும். கடையில் சனம் நெரிந்த ஒரு காலையில் மீசாலையில் இருந்து வந்த கிழவர் ஒருவர், "தம்பி, கெதியாத் தாரும், பஸ் போகப் போகுது" என்று அவசரப்படுத்தினார். சேனாதிபதி நெஞ்சை நிமிர்த்தி, "பொறுத்தருளுங்கள் பெரியவரே, தங்கள் மருந்து இதோ வந்துகொண்டிருக்கிறது" என்றார்.

கிழவர் என் பக்கம் குனிந்து, "பிள்ளை, உவர் கூத்திலை ஆடுறவரோ?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா, வாசிக்கிறவர்."

"ஐயோ பாவம்" என்றார் கிழவர், உண்மையான கவலையோடு.

எல்லாச் சரித்திர நாவலும் அவருக்குப் பிடிக்காது. நாயகனும் நாயகியும் சிறுவயதில் இருந்தே நண்பர்களாக இருக்க வேண்டும். ஒன்றாக மரம் ஏறி, ஒன்றாக வாள் பழகி, ஒரே குதிரைக்குச் சண்டை பிடித்து, ஒருத்தரை ஒருத்தர் வாய்க்கு வந்தபடி பேசி வளர வேண்டும். பிறகு ஒருநாள் அந்த நட்பு, இருவருக்கும் தெரியாமல், வேறொன்றாக மாற வேண்டும். முதல் அத்தியாயத்திலேயே உப்பரிகையில் நிற்கிறவளைப் பார்த்து இளவரசன் மயங்கினால் புத்தகத்தை மூடிவிடுவார்.

"கண்டவுடனை வந்தால் அது காதலில்லை, காய்ச்சல்" என்பார். "ரெண்டு நாள் குளிசை போட மாறும்." மாத்திரையைத்தான் நாங்கள் குளிசை என்போம்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த புத்தகக் கடைக்காரர் இந்த வகைக் கதை வந்தால் எங்களுக்கென்று எடுத்து வைப்பார். எங்களுக்கு என்றேனே, அதைச் சொல்ல வேண்டும். நானும் அந்தக் கதைகளுக்கு அடிமை. ஒரு புத்தகம் வந்தால் யார் முதலில் வாசிப்பது என்று சண்டை. அவர் துண்டுகளுக்குக் கீழே ஒளித்து வைத்து வாசிப்பார். நான் அவர் தேத்தண்ணி குடிக்கப் போகும் நேரம் பார்த்து எடுத்துவிடுவேன். இப்படிச் சண்டை முற்றிய ஒருநாள், அவர் குளிசை அட்டை வெட்டுகிற பிளேட்டை எடுத்தார். புத்தம் புதிய நாவலை மேசையில் கவிழ்த்து வைத்து, முதுகில் ஒரு கோடு இழுத்து, இரண்டாக வெட்டினார்.

"ஐயோ, உங்களுக்கு விசரே?"

"முன்பாதி எனக்கு, பின்பாதி உமக்கு" என்றார். "வாசிச்சுப் போட்டு நான் முன்பாதியைச் சொல்லுறன், நீர் பின்பாதியைச் சொல்லும். நேரமும் மிச்சம், சண்டையும் இல்லை."

புத்தகக் கடைக்காரர் இதைக் கேள்விப்பட்டு ஒரு கிழமை எங்களோடு கதைக்கவில்லை.

சரியாக நடுவில் வெட்டினார் என்று நினைக்காதீர்கள். அதில்தான் அவருடைய வித்தை. வாசிக்காத புத்தகத்தை எடுத்து, பெருவிரலால் பக்கங்களைச் சடசடவென்று ஓட விட்டு, இங்கே இரண்டு வரி, அங்கே இரண்டு வரி பார்த்து, "இந்தா, இதிலைதான் திரும்புது" என்று நிறுத்துவார். நட்பு காதலாகத் திரும்புகிற இடம். அந்த இடத்தில்தான் பிளேட்டை வைப்பார். ஒருநாளும் பிழைத்ததில்லை. என் பின்பாதியின் முதல் பக்கத்தில் எப்போதும் அந்தப் பெண் தன் நண்பனைப் புதிதாகப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"எப்பிடித் தெரியுது?" என்று கேட்டேன்.

"நிலா, முத்தம், வாள் ஒண்டையும் பாக்கக் கூடாது. உதெல்லாம் சோடினை, வெளி அலங்காரம். அவன் சாப்பிட்டவனோ எண்டு அவள் பாக்கத் தொடங்கினால், அதுதான் இடம்."

இதைச் சொல்லும்போது அவர் என் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியில் நான் வைத்துக் கொடுத்த புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் தினமும் அவருக்கென்று கூடக் கட்டிக்கொண்டு போவேன். அவருடைய தாய் நோய்பிடித்த வருத்தக்காரி, விடியச் சமைக்க வீட்டில் வசதி இல்லை என்று எனக்குத் தெரியும். வந்ததும் வராததுமாக நான் கேட்கிற முதல் கேள்வி, "சாப்பிட்டனீங்களோ?" என்பதுதான். ஒரு நாளும் தவறாமல் கேட்டிருக்கிறேன். அவர் குழம்பை வழித்து நக்கிவிட்டு, "உம்மடை வீட்டுக் குழம்புக்கு ஒரு தனி ருசி" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

இப்போது விளங்கியிருக்கும். ஓம், எனக்கு அவரைப் பிடிக்கும். பிடிக்கும் என்று எழுதினால் காணாது. அவரைத்தான் கட்டுவது என்று இருந்தேன். ஊரில் எல்லாரும் சேனாதிபதி அண்ணை, சேனாதிபதி அண்ணை என்று கூப்பிடுவார்கள். நான் மட்டும் அண்ணை என்று ஒருநாளும் கூப்பிடவில்லை. கூப்பிட வாய் வரவில்லை. அவருக்கு அதுகூட விளங்கவில்லை.

நாவலில் என்றால் நடுவில் ஒரு பகை நாடு இருக்கும், ஒரு சபதம் இருக்கும், விஷம் வைக்கிற சிற்றப்பன் இருப்பான். எங்களுக்கு ஒன்றுமே இல்லை. ஒரே கோயில், ஒரே ஊர்ப்பக்கம். எனக்கு எட்டில் செவ்வாய். அதனால்தான் வந்த சம்பந்தம் எல்லாம் படலை வாசலோடு திரும்பின. அவருக்கும் எட்டில் செவ்வாய். கனடாவில் இருக்கிற தங்கச்சிக்கு அனுப்பவென்று அவர் தன் சாதகத்தைப் பிரதி எடுத்து வைத்திருந்ததை நானே பார்த்தேன். எட்டில் செவ்வாயும் எட்டில் செவ்வாயும் அருகருகே நின்று ஊருக்கு இருமல் மருந்து கொடுத்தன. கடவுள் இதைவிட எப்படித்தான் எழுதிக் காட்டுவார்?

நீ வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னேனே. ஒவ்வொரு பின்பாதியிலும் சொன்னேன்.

பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு கடையில் சனம் குறையும். அப்போது தேத்தண்ணியோடு கதை சொல்லல் தொடங்கும். முன்பாதியை அவர் சொல்வார். அதை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். சிறுவனும் சிறுமியும் ஆற்றில் மீன் பிடித்ததை, அவள் அவனைச் சேற்றில் தள்ளியதை, அவன் பழிக்கு அவளுடைய கிளியைத் திறந்துவிட்டதை எல்லாம் பக்கத்து வீட்டில் நடந்ததுபோலச் சொல்வார். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணீர் வந்துவிடும். பிறகு, "சரி, இனி நீர்" என்று சொல்லிக் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடுவார்.

நான் இளவரசியாக மாறி, "என் மனம் உன்னிடம் வந்து வெகுகாலமாகிறது, நீ அறியவில்லையா?" என்பேன். மருந்துக்கடை மேசைக்கு இந்தப் பக்கம் நின்று, அவர் முகத்தைப் பார்த்து. அவர் கண்ணைத் திறக்காமல் நாயகனைத் திட்டுவார்.

"சரியான மொக்கன். பக்கத்திலை நிக்கிறவளின்ரை மனம் தெரியேல்லை, உவனெல்லாம் என்னண்டு ஒரு படையை நடத்துறான்?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறன்" என்பேன்.

பின்பாதி அவருக்குப் பிடிக்காது. கேட்பாரே தவிர, வாசிக்க மாட்டார். "அதுக்குப் பிறகு என்ன கிடக்கு? கண்ணீர், மயக்கம், ஒருத்தன் வந்து அவளைக் கடத்திக்கொண்டு போறது. சிநேகிதமா இருக்கேக்கைதான் ரெண்டு பேரும் மனுசராய்க் கதைக்கினம். காதல் வந்தவுடனை பாட்டுப் புத்தகம் மாதிரிக் கதைக்கத் தொடங்கீடுவினம். முன்பாதிதான் கதை. பின்பாதி, சும்மா, கதையை முடிக்கிறதுக்கு" என்பார்.

எங்கள் கதை சொல்லலுக்குச் சபையும் இருந்தது. பிரெஷர் குளிசை வாங்க வருகிற ஒரு ஆச்சி வாங்குப் பலகையில் குந்திவிடுவார். குளிசை கையில் இருக்கும், எழும்ப மாட்டார். ஒருநாள் நான் சொல்லிக்கொண்டு போகும்போது முதலாளி கண்ணாடி அறைக்குள் இருந்து இருமினார். எழும்பிவிட்டார் என்று அர்த்தம். நான் கதையை நிறுத்தினேன்.

"பிள்ளை, அவள் முத்தம் குடுத்தவளோ இல்லையோ, அதை மட்டும் சொல்லு, நான் போறன்" என்றார் ஆச்சி.

"ஆச்சி, இது சரித்திர நாவல். நெத்தியிலைதான்."

"நெத்தியிலையே? உதுக்கே நான் ரெண்டு பஸ்ஸை விட்டனான்?" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார். பிரெஷர் நிச்சயம் ஏறியிருக்கும்.

இன்னொரு நாள் வெட்டுகிற இடத்தை யோசித்தபடி அவர் கையில் கிடைத்த குளிசைப் பையின் பின்புறத்தில் குறிப்பு எழுதிவிட்டார். அந்தப் பை விற்றமின் குளிசையோடு ஒருவரின் வீட்டுக்குப் போய்விட்டது. அடுத்த நாள் அந்த மனிதர் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தம்பி, முன்பக்கத்திலை காலமை ஒண்டு எண்டு கிடக்கு. பின்பக்கத்திலை 'இளவரசிக்கு மயக்கம், படகு கவிழும்' எண்டு கிடக்கு. நான் இதை என்னண்டு எடுக்கிறது?"

சேனாதிபதி பதறிப்போய், "பிழை பொறுத்தருள்க, தாங்கள் முன்பக்கத்தை மட்டும் கருத்தில் கொள்க" என்றார். வந்தவர் இரண்டடி பின்னுக்குப் போனார். நான்தான் சமாதானப்படுத்தி அனுப்பினேன்.

அம்மா எனக்கு ஒரு சம்பந்தம் பார்த்து, மாப்பிள்ளையின் மாமாவைச் சொல்லாமல் கொள்ளாமல் கடைக்கு அனுப்பி வைத்தார். தடிமன், சளிக்குக் குளிசை வாங்குகிற மாதிரி வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போவது திட்டம். நான் தேத்தண்ணி எடுக்க உள்ளே போன நேரத்தில் அவர் சேனாதிபதியிடம் என்னைப் பற்றி விசாரித்திருக்கிறார். மறைவில் நின்று கேட்டேன். நாவலில் என்றால் இந்த இடத்தில் நாயகனின் கை உடைவாளுக்குப் போகும்.

"தங்கமான பிள்ளை ஐயா" என்றார் எங்கள் நாயகன். "நல்லாச் சமைக்கும். பொறுமைசாலி. உங்களுக்கு இப்பிடி ஒரு பிள்ளை கிடைக்காது."

அதிகமாகச் சந்தோசப்பட்டு அந்த மனிதர் இரட்டிப்புக் குளிசை வாங்கிக்கொண்டு போனார். நான் தேத்தண்ணியைச் சேனாதிபதி முன்னால் இடித்து வைத்தேன். பாதி மேசையில் சிந்தியது.

"என்ன, சுகமில்லையோ?" என்று கேட்டார்.

"சுகத்துக்கு என்ன குறை."

அந்தச் சம்பந்தத்தை நான் வேண்டாம் என்றேன். அம்மா அழுதார். செவ்வாயைத் தாண்டி வந்த ஒரே ஆளையும் விட்டுவிட்டாய் என்று கிழமைக் கணக்காகப் புறுபுறுத்தார். அதன் பிறகுதான், இனிப் புத்தகத்தில் உள்ளதைச் சொல்லிப் பிரயோசனம் இல்லை, புத்தகத்தில் இல்லாததைச் சொல்வோம் என்று முடிவெடுத்தேன்.

உப்பளம் காக்கிற ஒரு சிறுபடைத் தலைவனைப் பற்றிய நாவல் அப்போது கையில் இருந்தது. பின்பாதியைச் சொல்லிக்கொண்டு போகும்போது நடுவில் ஒரு காட்சியை நானே செருகினேன். அரண்மனை வைத்தியசாலையில் மூலிகை அரைக்கிற பெண் ஒருத்தி. தலைவனின் சிநேகிதி. தினமும் அவனுக்குச் சோறு கட்டிக்கொண்டு வருவாள். ஒருநாள் அவள் சொல்கிறாள்: "ஊரெல்லாம் உன்னை அண்ணன் என்று கூப்பிடுகிறது. நான் ஏன் கூப்பிடவில்லை என்று ஒரு நாளாவது யோசித்தாயா?"

சொல்லிவிட்டு நிறுத்தினேன். நெஞ்சு அடித்த அடி முதலாளிக்குக் கேட்டிருக்கும். சேனாதிபதி கண்ணைத் திறந்தார். வழக்கமாகத் திறக்க மாட்டார். என்னை நேராகப் பார்த்தார். எட்டி என் கையில் இருந்த பின்பாதியை வாங்கினார். பக்கங்களை ஓட விட்டார். திரும்பவும் ஓட விட்டார்.

"இதிலை அப்பிடி ஒண்டும் இல்லையே."

நான் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்து அடுக்கினேன்.

"நீர் வேறை ஏதோ புத்தகத்தோடை குழப்பிப் போட்டீர். அதோடை, அந்த இடம் சரியில்லை. மூலிகை அரைக்கிறவள் அப்பிடிக் கேக்க மாட்டாள். நம்பேலாமல் கிடக்கு" என்று சொல்லிப் புத்தகத்தைத் திருப்பித் தந்தார்.

அடுத்த நாள் அவருடைய புட்டை நானே சாப்பிட்டேன். எல்லாவற்றையும்.

பிறகு கனடாவில் இருந்து தங்கச்சி தொலைபேசி எடுத்தா. தங்கச்சியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: பெருமுயற்சிக்காரி. தமையனுக்கு எட்டில் செவ்வாய் உள்ள பெண் வேண்டும் என்று அந்தக் குளிருக்குள் தெரிந்தவர், தெரியாதவர், கோயில் ஐயர் எல்லாரிடமும் சொல்லி வைத்து அலைந்திருக்கிறா. கடைசியில் ஒருத்தி அகப்பட்டாவாம். பெண்ணும் நல்லவ, எந்தக் குறையும் நான் சொல்ல மாட்டேன். கலியாணம் இங்கே, கொக்குவிலில் மண்டபம். பிறகு பெண் கனடா திரும்பிப் போய் அவரையும் அங்கே கூப்பிடுவா.

இதை அவர் எனக்குத்தான் முதலில் சொன்னார். தாய்க்குக்கூடச் சொல்லவில்லையாம். குளிசை அட்டை ஒன்றைப் பிளேட்டால் வெட்டிக்கொண்டே சொன்னார்.

"நல்லது" என்றேன்.

"உம்மட்டை ஒரு உதவி கேக்க வேணும். தங்கச்சிக்கு இது பிள்ளைப்பெறு மாதம், வர ஏலாது. நீர்தான் தோழியா நிக்க வேணும்."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் கலியாணங்களில் பெண்ணுக்குத் தோழியாக நிற்பது மாப்பிள்ளையின் சகோதரி. பெண்ணைக் கைபிடித்து மணவறைக்குக் கூட்டி வருவது, பக்கத்திலேயே இருப்பது, தாலி கட்டும்போது பின்னால் நின்று மாலையை விலக்கிக் கொடியின் பூட்டைப் பூட்ட உதவுவது எல்லாம் அவளுடைய வேலை. நான் அண்ணை என்று வாய் திறக்காமல் காத்து வைத்த வருசங்கள் எல்லாவற்றையும் இந்த மனிதர் ஒரு வசனத்தில் முடித்துவிட்டார்.

"அது உங்கடை தங்கச்சி நிக்கிற இடமெல்லோ?" என்றேன்.

"அதுதானே கேக்கிறன். உம்மை விட்டால் எனக்கு ஆர் இருக்கினம்?"

அந்த முகத்தில் ஒரு துளி கள்ளம் இல்லை. அடிக்கவும் ஏலாது, அழவும் ஏலாது. எனக்கு எங்கிருந்து அந்தத் துணிவு வந்ததோ தெரியாது.

"ஒண்டு கேக்கிறன், யோசிச்சுச் சொல்லுங்கோ. எங்கடை கதையை ஒரு நாவலா எழுதினால், நீங்கள் எந்த இடத்திலை வெட்டுவியள்?"

அவர் பிளேட்டைக் கீழே வைத்தார். விளையாட்டாக எடுக்கவில்லை. புத்தகத்தைக் கையில் எடுத்த மாதிரியே கண்ணைச் சுருக்கி, பெருவிரலை ஆட்டி, நாங்கள் கழித்த காலத்தை எல்லாம் மனதுக்குள் ஓட விட்டார். புத்தகச் சண்டை, தேத்தண்ணி, ஆச்சி, இளவரசியின் மயக்கம் எல்லாம் அந்த முகத்தில் ஓடியதை நான் பார்த்தேன். புட்டும் ஓடியிருக்க வேண்டும். இப்போது நிற்பார், இந்தா, நிற்கப் போகிறார் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வெட்ட இடமே இல்லையே" என்றார், முகம் முழுக்கச் சிரிப்போடு. "தொடக்கத்திலை இருந்து கடைசி வரைக்கும் முன்பாதிதான். இப்பிடி ஒரு கதை ஆருக்குக் கிடைக்கும், சொல்லும் பாப்பம்?"

அவருக்கு இந்த உலகத்தில் ஆகப் பிடித்தது முன்பாதி. அந்த மனிதர் தன்னிடம் இருந்த மிகப் பெரிய பட்டத்தை எடுத்து என் தலையில் வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். நான் என்ன செய்ய? தோழியாக நிற்கிறேன் என்றேன்.

கலியாணத்தன்று தலைப்பாகை கட்டி, அதில் கல்லுப் பதித்த பதக்கமும் குத்தி வந்து நின்றார். வாழ்க்கையில் முதல்முறையாக உடுப்பும் பெயரும் பொருந்தியிருந்தன. சபையில் இருந்த மருந்துக்கடை ஆச்சிகூட, "இப்பதான் சேனாதிபதி மாதிரிக் கிடக்கு" என்றார். ஐயர் என்னைப் பார்த்து, "பிள்ளை மாப்பிள்ளைக்கு என்ன முறை?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்னம் சேனாதிபதி முந்திக்கொண்டார்.

"தங்கச்சி முறை, ஐயா."

ஆச்சி என்னை ஒரு பார்வை பார்த்தார். நெற்றி முத்தத்துக்கு இரண்டு பஸ்ஸை விட்டவர் அல்லவா, அவருக்கு விளங்கியிருக்கிறது. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார்.

கெட்டிமேளம் முழங்கச் சேனாதிபதி தாலிக்கொடியை எடுத்தார். பார்க்காமலே குளிசை எண்ணுகிற கை, அன்று நடுங்கியது. கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்துவிட்டார், பூட்டுப் பூட்டவில்லை. மேளகாரர் அடித்து அடித்துக் களைத்துப் போனார்கள். நான் மாலையை விலக்கி, அவர் விரல்களைத் தள்ளிவிட்டு, பூட்டைத் திருகினேன். ஆக, அந்தத் தாலியில் முன்பாதி அவர் கட்டியது, பின்பாதி நான் பூட்டியது. கலியாணத்திலும் எனக்கு வாய்த்தது பின்பாதிதான்.

அட்சதை விழுந்துகொண்டிருந்தபோது அவர் மெல்லத் திரும்பி, பெண்ணின் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"நீர் சாப்பிட்டனீரோ? காலமையிலை இருந்து நிக்கிறீர்."

கோதாரி பிடிச்ச மனுசன்! இத்தனை வருசத்தில் ஒருநாள், ஒரேயொரு நாள் இதைக் கேட்டிருக்கக் கூடாதோ? பூட்டைத் திருகி விரல் சிவந்து நிற்கிறேன், இப்போது கேட்கிறார். அவருடைய சாத்திரப்படி பிளேட் வைக்கிற இடம் அதுதான். அவருக்கு அது தெரியவில்லை. கேட்டுவிட்டு ஐயர் பக்கம் திரும்பிவிட்டார். நான் அரிசி ஒன்று கண்ணுக்குள் விழுந்துவிட்டதாகச் சொல்லிக் குனிந்துகொண்டேன்.

அவர் கனடா போகிற நேரம் மருந்துப் பெட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து கடை மேசையில் வைத்தார். உள்ளே அவருடைய முன்பாதிகள் எல்லாம். "ரெண்டு பாதியும் ஒரு இடத்திலை கிடக்கட்டும். ஆறுதலா இருந்து ஒட்டும்" என்றார். என் கையைப் பிடித்துக் கொஞ்சம் நேரம் நின்றார். ஏதோ சொல்லப் போனார். அரசவைத் தமிழும் வரவில்லை, எங்கள் தமிழும் வரவில்லை. பிறகு பஸ் வந்துவிட்டது.

நான் ஒட்டவில்லை. ஏன் ஒட்ட வேண்டும்? அந்தப் பெட்டியைத் திறக்கவும் இல்லை. அங்கே இருக்கிற அவருடைய மனைவியை நினைத்தால்தான் எனக்குக் கவலை. அவவுக்குக் கிடைத்திருப்பது முழுக்கப் பின்பாதி. அதுவும் பின்பாதி வாசிக்கத் தெரியாத ஒரு மனிதரோடு. என் நிலைமையும் அவவின் நிலைமையும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை.

போன மாதம் வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. அங்கே தமிழ்க் கடை ஒன்றில் புதிய நாவல் கிடைத்ததாம். ஒரு கணவாயைக் காக்கிற வீரனும், தேன் எடுக்கிற பெண்ணும். வெட்டிவிட்டாராம், முன்பாதியை வாசித்துவிட்டாராம். அப்படியே சொல்லத் தொடங்கினார். அவள் அவனைத் தேன்கூட்டுக்குக் கீழே தள்ளிவிட்ட இடத்தில் தானே சிரித்து, சிரித்த சிரிப்பில் இருமி, திரும்பச் சொன்னார். பின்னால் அவருடைய மனைவி எதற்கோ கூப்பிட்ட சத்தம். "பொறும், வாறன், இன்னும் எப்பன் கதைதான் கிடக்கு" என்றார். கடைசியில், "சரி, இனி நீர்" என்று முடித்தார். அங்கே வெட்டிய பின்பாதி மேசையில் கிடக்கிறதாம், வாசிக்க மாட்டாராம். நான் இங்கே அந்தப் புத்தகத்தை எடுத்து வாசித்துச் சொல்ல வேண்டுமாம்.

புத்தகக் கடைக்காரர் எடுத்துத் தந்தார். வாசித்தும் விட்டேன். முடிவு நல்ல முடிவு. ஆனால் அனுப்ப மாட்டேன். போதும், இனி யாருக்காகவும் நான் இளவரசியாக மாட்டேன். வேண்டுமென்றால் மேசையில் கிடக்கிறதை அவர் தானே எடுத்து வாசிக்கட்டும். பக்கத்தில் இருக்கிறவ வாசித்துச் சொன்னால் இன்னும் நல்லது.

அந்தக் குரல் பதிவை மட்டும் எத்தனை தரம் போட்டுக் கேட்டேன் என்று சொல்ல மாட்டேன். கேட்கக் கேட்கத்தான் அது சிரிப்பால் வந்த இருமல் இல்லை என்று தெரிந்தது. நெஞ்சுக்குள் இருந்து வருகிற வறட்டு இருமல். அந்தக் குளிருக்குள் இந்த மனிதர் கழுத்தை மூடாமல் திரிகிறார். கதைக்கு நான் பதில் போடவில்லை. இரண்டு வரி மட்டும் எழுதி அனுப்பினேன்: "உந்த இருமலுக்குக் கொத்தமல்லி அவிச்சுக் குடியுங்கோ. நேரத்துக்குச் சாப்பிடுங்கோ."